கொழும்பின் திறந்தவெளிகளும் அவற்றை நம்பிய பிழைப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன். "காற்று வாங்கிவிட்டு வருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் பின்னேரம் வீட்டை விட்டு இறங்கினால், திரும்பி வரும்போது கையில் இருந்த சில்லறைத் தாள்கள் எல்லாம் போயிருக்கும். அந்தக் காசு யார் கைக்குப் போகிறது, அவரிடமிருந்து எங்கே போகிறது என்று யோசிக்கத் தொடங்கியபோது வந்த கேள்விகள்தான் இவை. சிலவற்றை நானே கேட்டுக்கொண்டேன். மற்றவை உறவினர்களும் கூட நடப்பவர்களும் கேட்டவை.

வெளிப்புறப் பொழுதுபோக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

வீட்டுக்கும் கடைத்தொகுதிக்கும் வெளியே, வானத்துக்குக் கீழே, விருப்பப்பட்டுச் செய்கிற எல்லாவற்றையும்தான். காலிமுகத் திடலில் பட்டம் விடுவது, விகாரமகாதேவி பூங்காவில் பிள்ளைகளை ஓடவிடுவது, சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றி நடப்பது, பேரை ஏரியில் அன்னப் படகு மிதிப்பது, கல்கிசையில் குளிப்பது, ஒழுங்கையில் ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவது எல்லாம் சேரும். மலையேற்றமும் அலைச்சறுக்கும் மட்டும்தான் இந்தப் பெயருக்கு உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். கொழும்பில் பெரும்பாலானோருக்கு அது செருப்புப் போட்டுக்கொண்டு செய்கிற காரியம்.

திடலுக்குள் போக ஒரு சதமும் கேட்பதில்லை. அங்கே என்ன பொருளாதாரம்?

கேட்காததால்தான் அங்கே இத்தனை பேர் பிழைக்கிறார்கள். கிராண்ட்பாஸிலிருந்து ஒரு குடும்பம் பஸ் ஏறி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் வைத்தால் கொண்டுவந்த காசு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். பலர் வரவே மாட்டார்கள். வாசலே இல்லாததால் அந்தக் காசு வடைக்கும் பட்டத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் பிரிகிறது.

ஓர் இறால் வடையை எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் இஸ்ஸோ வடை. கடைக்காரர் பருப்புக் கலவையை உள்ளங்கையில் தட்டி, மேலே இரண்டு இறாலைக் கோதும் மீசையுமாக அழுத்தி, ஓரமாக எண்ணெயில் வழுக்கி விடுகிறார். இறால் சிவந்து மீசை மொறுமொறுப்பானதும் எடுத்து வெட்டி, வெங்காயமும் தக்காளியும் பச்சை மிளகாயும் போட்ட சம்பலை அதன் தலையில் கொட்டித் தருகிறார். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பின்னால் உள்ள கைகளை எண்ணிப் பாருங்கள். பருப்பு புறக்கோட்டைக் குறுக்குத் தெரு மொத்தக் கடையிலிருந்து வருகிறது, இறால் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து. தேங்காயெண்ணெய், காஸ், வெங்காயம் உரித்துக் கொடுக்கிற மனைவி, ராத்திரி சாமான்களை ஏற்றிப் போகிற முச்சக்கர வண்டிக்காரர் என்று அது நீளும். நாங்கள் கொடுத்த காசு அன்றிரவே இத்தனை வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. பொருளியலில் இதைப் பெருக்க விளைவு என்பார்கள்.

கசிவும் உண்டு. மைசூர்ப் பருப்பு எங்கள் மண்ணில் விளைவதில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அந்தப் பங்கு நாட்டை விட்டுப் போய்விடும். ஆனாலும், வெளிநாட்டு நிறுவனம் நடத்துகிற ஒரு குளிரூட்டிய கடையில் அதே காசைக் கொடுத்தால் எவ்வளவு உள்ளூரில் தங்கும் என்று ஒப்பிட்டால், வடைக்காரர் பக்கம்தான் தராசு தாழும்.

மற்ற நாடுகள் இதைக் கணக்கெடுக்கின்றனவா?

அமெரிக்காவில் 2016 இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். 2018 முதல் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் தனிக் கணக்கு வெளியிடுகிறது. 2023 கணக்கில் வெளிப்புறப் பொழுதுபோக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம். ஏறத்தாழ 50 இலட்சம் வேலைகள். இலங்கையில் விமான நிலையத்தில் இறங்குகிற பயணிகளைத் தலை எண்ணுகிறோம். ஞாயிறு பின்னேரம் முகத்துவாரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற குடும்பத்தை எண்ணுவதில்லை. எண்ணப்படாதது திட்டத்திலும் வராது, பட்ஜெட்டிலும் வராது. எனக்கு இது சின்னக் குறையாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுப் பயணிகள் வந்தால் போதாதா? டொலர் அவர்களிடம்தானே இருக்கிறது?

டொலர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 2018 இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த ஆண்டு 19 இலட்சமானது. கொரோனா வந்து 2020 இல் 5 இலட்சம், 2021 இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. மறுபடி 20 இலட்சத்தைத் தாண்ட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டவரை மட்டும் நம்பிய வழிகாட்டிகளும் வான் ஓட்டுநர்களும் அந்த ஐந்து ஆண்டுகளில் பட்டதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஊரடங்கு எடுத்தவுடன் முதலில் வெளியே வந்தது ஊர்ச் சனம்தான். 2022 இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றபோது துருப்பிடித்த சைக்கிள்களை எல்லாம் இறக்கித் துடைத்தோம். டியூப் ஒட்டுகிற கடைகளில் ஆள் நிறைந்தது, புதுச் சைக்கிள் விலை ஏறியது. எங்கள் ஒழுங்கையில் அப்போது சைக்கிள் எடுத்த இரண்டு பேர் இன்றும் விடியற்காலையில் ஓடுகிறார்கள்.

காலிமுகத் திடல் எப்படிப் பொது இடமாக நிலைத்தது?

ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாக அங்கே ஒரு கல் இருக்கிறது. போகிறவர்கள் ஒருமுறை நின்று வாசியுங்கள். அவர் மனதில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் எங்கள் பாட்டிமார் இல்லை, குடியேற்ற ஆட்சிக்காரரின் குடும்பங்கள். ஆனாலும் கல்லில் எழுதியது எழுதியதுதான். இன்று அந்தப் புல்லில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற கொட்டாஞ்சேனைத் தாய்க்கும் அது சொந்தம்.

இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 5 ஹெக்டேயர். வடக்கே கடலை நிரப்பி எழுந்த துறைமுக நகரம் மட்டும் 269 ஹெக்டேயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் புல் துண்டின் அருமை விளங்கும். 2022 ஏப்ரலில் நாட்டின் பெரிய மக்கள் போராட்டம் கூடாரம் போட்டதும் இந்தத் திடலோரம்தான். அந்த நாட்களில், இறுதிப் போரில் மாண்டவர்களை நினைந்து காய்ச்சுகிற முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அங்கே பகிரப்பட்டது. யாரும் வந்து நிற்கக்கூடிய இடம் ஒரு நகரத்துக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நான் சொல்ல ஒன்றுமில்லை.

காலை நடைபயிற்சியால் யாருக்கு என்ன வருமானம்?

விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவுக்கு வாருங்கள். ஒரு பக்கம் மாடி வீடுகள், மறுபக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். சப்பாத்துப் போட்ட இளைஞர்கள் வேகமாகப் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாமார் கதைத்தபடி வருவார்கள். ஒரு மூலையில் இலைக்கஞ்சி விற்பவர் பெரிய பாத்திரத்தைத் திறந்ததும் வல்லாரை வாசம் கடல் உப்பு வாசத்தோடு கலக்கும். கஞ்சியோடு ஒரு துண்டு கருப்பட்டி தருவார். எட்டரைக்குள் பாத்திரம் காலி. அதற்குப் பிறகு அவர் வேறு வேலைக்குப் போகிறவர். இந்த மூன்று மணிநேரம் அவருக்கு இரண்டாவது சம்பளம்.

செவ்விளநீர் வெட்டுபவர், பத்திரிகை விற்பவர், நடந்து முடித்தவர்கள் தோசைக்கு நுழைகிற சைவக் கடை என்று அது நீளும். இன்னொரு கணக்கு கண்ணுக்குத் தெரியாதது. இலங்கையில் நிகழும் மரணங்களில் 80 சதவீதத்துக்கு மேல் நீரிழிவு, மாரடைப்பு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் வருபவை. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், மருந்துக்கும் கிளினிக் நாள் சம்பள இழப்புக்கும் குடும்பம்தான் கொடுக்கிறது. ஒழுங்கான நடைபாதை ஒன்று அந்தச் செலவில் எவ்வளவைத் தள்ளிப்போடும் என்பதை வீட்டில் சீனி வருத்தக்காரர் இருப்பவர்கள் அறிவார்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தண்டவாளத்தில் நடக்காதீர்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

சதுப்பு நிலத்தைப் பூங்காவாக்கினால் யாருக்கு லாபம்?

எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். கொழும்பு சதுப்பின் மேல் இருக்கிற நகரம். பெருநகரப் பகுதியில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் எஞ்சியிருக்கிறது. பல காலமாக அதைக் குப்பை கொட்டி நிரப்பிக் காணியாக்கும் வெற்றிடமாகத்தான் பார்த்தோம். 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தபோதுதான் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க இடம் வேண்டும் என்று உறைத்தது. உலக வங்கிக் கடனில் 2012 இல் தொடங்கிய பெருநகர அபிவிருத்தித் திட்டத்தில் வாய்க்கால்களோடு ஈரநிலங்களும் சேர்ந்தன.

அதில் வந்ததுதான் கோட்டேயில் 2016 இல் திறந்த பெத்தகான ஈரநிலப் பூங்கா. 18 ஹெக்டேயர். சிறு கட்டணம் கொடுத்து உள்ளே போனால் தண்ணீருக்கு மேல் பலகைப் பாதை. நீலத் தாழைக்கோழி நாணலை மிதித்துக்கொண்டு போவதை இரண்டு முழத் தூரத்தில் பார்க்கலாம். மீன்பிடிப் பூனையும் இந்த நகரச் சதுப்புகளில் வாழ்கிறது. இராத்திரியில் திரிவதால் நம் கண்ணில் படுவது அரிது. 2018 அக்டோபரில், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் உலகில் முதன்முதலாக 18 நகரங்களுக்குக் கிடைத்தது. அதில் கொழும்பும் ஒன்று. அந்தப் பட்டியலில் தெற்காசியாவிலிருந்து வேறு நகரம் இல்லை.

லாபம் பல பக்கம். பறவை பார்க்க வருகிறவர்களால் வழிகாட்டிகளுக்கு வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறை. பக்கத்தில் தியவன்னா கரையோரம் தியத உயனவில் பூங்கன்று விற்பவர்களுக்கும் சிற்றுண்டிக் கடைகளுக்கும் வார இறுதிக் கூட்டம். எல்லாவற்றையும்விடப் பெரியது, களனி கங்கை பெருகும்போது தாழ்ந்த இடத்தில் குடிசை போட்டிருக்கிறவர் வீட்டுக்குள் ஏறாமல் நிற்கிற ஓரடித் தண்ணீர். பூங்கா டிக்கெட் வருமானத்தோடு மட்டும் ஒப்பிட்டு "இது நட்டம்" என்று சொல்கிறவர்கள் இந்த ஓரடியைக் கணக்கில் எடுப்பதில்லை.

அழகுபடுத்தினால் ஏழைகள் வெளியேற்றப்படுகிறார்கள் என்கிறார்களே?

உண்மைதான். போர் முடிந்த பின் 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. நடைபாதைகளும் பூங்காக்களும் மளமளவென்று எழுந்தன. மதில்கள் உடைந்து பூங்காக்கள் திறந்தன. அது நல்லது, நானும் அனுபவித்தேன். அதே காலத்தில் கொம்பனித்தெருப் பக்கம் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் வீட்டை இழந்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் தமிழ், முஸ்லிம், மலாய்க் குடும்பங்கள் நிறைய. வீடு மாறினால் வீடு மட்டும் மாறுவதில்லை. வாசலில் அப்பம் சுட்டு விற்றவர் பத்தாவது மாடியில் யாருக்கு விற்பார்?

ஏரிக்கரை சுத்தமானால் பக்கத்துக் காணி விலை ஏறும், அதோடு வாடகையும் ஏறும். சொந்தக் காணி உள்ளவருக்கு அது வரவு, வாடகைக்காரருக்கு அது மூட்டை கட்டச் சொல்லும் நோட்டீஸ். என் கருத்து இதுதான்: ஒரு பூங்காவுக்குக் காசு ஒதுக்கும்போதே அங்கே ஏற்கெனவே வியாபாரம் செய்கிறவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, வேலை முடிந்ததும் அவர்களுக்கே முதல் அனுமதிப் பத்திரம் கொடுக்க வேண்டும். வண்டில்களை அகற்றிவிட்டு ஒரு பெரிய உணவகத்துக்குக் குத்தகை கொடுத்தால் இடம் மினுங்கும், ஆனால் காசு ஒரே பைக்குள் போகும்.

வண்டில்காரர்களின் வருமானம் நிலையானதா?

இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று. கடல் எகிறும், மழை நினைத்த நேரம் கொட்டும். காலிமுகத்தில் மாங்காய் விற்கிற நானா ஒருவரிடம் ஒரு மழை நாளில் ஒதுங்கி நின்றேன். மிளகாய்த்தூள் டப்பாவை நனையாமல் சாரத்துக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டே, "மழ வந்தா வட்டிக்காரனுக்குத்தான் யாவாரம், தங்கச்சி" என்றார். விடியக் கடன் வாங்கிச் சாமான் எடுத்து இரவில் வட்டியோடு திருப்புகிறவர்களுக்கு இரண்டு நாள் மழை போதும், வாரம் முழுக்கச் சரிந்துவிடும். மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், குறைந்த வட்டியில் சிறு கடனும் இருந்தால் எத்தனையோ பேர் தப்புவார்கள்.

விளையாட்டு மைதானங்களையும் இதில் சேர்க்கலாமா?

கட்டாயம். பொறளைப் பக்கம் இருக்கிற பி. சரா ஓவலைத் தமிழர்கள் பலர் மறந்துவிட்டார்கள். 1899 இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. பெயர் பாக்கியசோதி சரவணமுத்துவுடையது. 1948 இல் பிராட்மன் ஆடியதும், 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியதும் அங்கேதான். ஒரு சமூகம் சேர்ந்து ஒரு மைதானத்தைக் கட்டிக் காத்தால் அது நாட்டின் வரலாற்றுக்கே களமாகும் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறையும். புல் வெட்டுபவர், பிட்ச் உருட்டுபவர், பயிற்சியாளர், மட்டை பழுதுபார்ப்பவர், வாசலில் கடலை வறுப்பவர் எல்லாருக்கும் ஒரு மைதானம் சோறு போடுகிறது.

சூழல் கெட்டால் இந்தப் பொருளாதாரம் என்னாகும்?

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது. ஜூனில் மூழ்கியது. கரையெங்கும் பயறு அளவு பிளாஸ்ரிக் மணிகள் பனி கொட்டியதுபோல் கிடந்தன. மேல் கரையோரம் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. நீர்கொழும்பு மீனவர் கடலுக்குப் போகவில்லை, மீன் வாங்கச் சனம் பயந்தது, மணலில் பிள்ளைகளை விட யாருக்கும் மனமில்லை. கடற்கரையை நம்பியவர்கள் எல்லாரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள் என்பதை அந்த மாதம் காட்டியது. நீண்ட நாள் கழித்தும் மணலைக் கிளறினால் அந்த மணிகள் கையில் வந்தன.

பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள்?

கழிவறை, வெளிச்சம், பஸ். இந்த மூன்றும்தான். சுத்தமான கழிவறை இல்லாத இடத்தில் ஒரு தாய் ஒரு மணிநேரத்துக்கு மேல் நிற்கமாட்டாள். அவள் கிளம்பினால் குடும்பமே கிளம்பும், கடைக்காரரின் வியாபாரமும் கூடவே போகும். ஏழு மணிக்குப் பிறகு விளக்கு எரிகிற நடைபாதையில் பெண்கள் நடக்கிறார்கள், எரியாததில் நடப்பதில்லை. ஒரு பூங்காவில் பல மாதம் விளக்கு எரியாமல் கிடந்தது. முறையிட்டு முறையிட்டு நாங்கள் நடக்கும் பாதையையே மாற்றிக்கொண்டோம். அந்தப் பழைய பாதையின் முனையில் இருந்த சோளக் கடையும் பிறகு இல்லை.

கொழும்புக்காரர் வெளியூர் போவதால் அங்கே என்ன மாற்றம்?

போயா என்கிற பௌர்ணமி லீவு வார இறுதியோடு சேர்ந்து வந்தால் நகரமே மலைக்குப் போகிறது. கித்துல்கலையில் களனி கங்கையில் ரப்பர் படகு ஓட்டுகிற பையன்கள், மார்கழிப் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் படிகளில் இரவு முழுக்கத் தேநீர்க் கடை திறந்திருப்பவர்கள் எல்லாருக்கும் அதுதான் பருவம். எனக்கு நம்பிக்கை தருவது பெக்கோ நடைபாதை. தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளை இணைத்து, 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயன் வீட்டு வாசல் வழியே வெளியாள் நடக்கும்போது, அந்த வீட்டாள் ரொட்டியும் சம்பலும் விற்கலாம், அறை கொடுக்கலாம், வழி காட்டலாம். ஆனால் சொந்தமாக ஒரு துண்டுக் காணிகூட இல்லாதவர் எந்த அறையைக் கொடுப்பது? மலையகத் தமிழருக்குக் காணியுரிமை வராமல் இந்த வருமானத்தின் பெரும் பங்கு அவர்களைத் தாண்டித்தான் போகும்.

எங்கள் குடும்பம் என்ன செய்யலாம்?

சில்லறைத் தாள்களோடு போங்கள், பெரிய தாளை நீட்டினால் வண்டில்காரரிடம் மாற்றக் காசு இருக்காது. பேரம் பேசாதீர்கள், அது அவருடைய நாள் கூலி. தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். விளக்கு எரியாவிட்டால், கழிவறை பூட்டிக் கிடந்தால், உங்கள் வட்டார மாநகர சபை உறுப்பினருக்கு எழுதுங்கள், நாலு பேர் கையெழுத்தோடு. பிள்ளைகளை ஒருமுறையாவது விடியற்காலையில் பெத்தகானவுக்குக் கூட்டிப்போங்கள். எட்டு மணிக்குப் பிறகு வெயில் ஏறிவிடும், பறவைகளும் நாணலுக்குள் போய்விடும்.